கண்ணில் படாத குப்பை

சிங்கப்பூரின் அடுக்குமாடி வீடுகளில் இரவு உணவு முடிந்ததும் அன்றாடம் நடக்கும் காட்சி ஒன்று உண்டு. மீந்துபோன சோறு, காய்கறித் தோல், உணவு வாங்கி வந்த நெகிழிப் பெட்டி, காலியான குளிர்பானப் புட்டி ஆகிய எல்லாம் ஒரே பைக்குள் போகின்றன. பையின் வாயை முடிந்து, குப்பைக் குழாயின் மூடியைத் திறந்து உள்ளே தள்ளினால், சில நொடிகளில் கீழே ‘தொப்’பென்று ஒரு சத்தம் கேட்கிறது. அத்துடன் வேலை முடிந்துவிடுகிறது. வீடும் தூய்மையாகிவிடுகிறது. அந்தப் பை அதன் பிறகு எங்கே போகிறது என்ற கேள்வி பெரும்பாலான வீடுகளில் எழுவதே இல்லை.

குப்பைக் குழாய் ஒரு நல்ல வசதி என்பதில் ஐயமில்லை. இலட்சக்கணக்கான குடும்பங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வாழும் நகரில், துர்நாற்றமும் நோயும் பரவாமல் இருக்க அது உதவுகிறது. ஆனால், அந்த வசதிக்கு ஒரு விலையும் உண்டு. கண்ணை விட்டு மறைவது கருத்தை விட்டும் மறைந்துவிடுகிறது. தன் வீட்டில் ஒரு வாரத்தில் எவ்வளவு குப்பை சேர்கிறது என்று கேட்டால் பலருக்கும் பதில் சொல்லத் தெரியாது. வீட்டுக் குப்பையைக் குறைப்பதற்கு முதல் தடையாக இருப்பது இந்த அறியாமையே. அதனை நீக்கும் ஆற்றல், சட்டங்களையும் சுவரொட்டிகளையும் விட, அக்கம்பக்கத்தார் ஒன்றுகூடி நடத்தும் சமூகத் திட்டங்களுக்கே அதிகம் இருக்கிறது.

முதலில், குழாயில் விழுந்த பையின் பயணத்தைத் தொடர்ந்து சென்று பார்ப்பது நல்லது. குப்பை வண்டிகள் அதனை எரியாலைக்குக் கொண்டு செல்கின்றன. அங்கே எரிக்கப்படும்போது குப்பையின் கொள்ளளவு ஏறத்தாழ 90 விழுக்காடு குறைகிறது. எஞ்சும் சாம்பலும், எரிக்க முடியாத கழிவுகளும் துவாஸிலிருந்து பெரிய படகுகளில் ஏற்றப்பட்டு, தெற்கே உள்ள செமக்காவ் தீவுக்குப் போய்ச் சேர்கின்றன. சிங்கப்பூருக்கு இன்று இருக்கும் ஒரே குப்பை நிரப்பு நிலம் அதுதான்.

செமக்காவின் வரலாறு ஒவ்வொரு மாணவரும் அறிந்திருக்க வேண்டிய ஒன்று. பெருந்தீவில் கடைசியாக இருந்த லோரோங் ஹாலுஸ் குப்பை நிலம் 1999ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் மூடப்பட்டது. அடுத்த நாளே செமக்காவ் செயல்படத் தொடங்கியது. செமக்காவ், சாக்கெங் என்ற இரு தீவுகளுக்கு இடையே இருந்த கடற்பகுதியைச் சுமார் 7 கிலோமீட்டர் நீளமுள்ள தடுப்பு அணையால் சூழ்ந்து அந்த இடத்தை உருவாக்கினார்கள். அதன் பரப்பளவு 350 ஹெக்டர். கட்டுமானச் செலவு 610 மில்லியன் வெள்ளி. ஒரு காலத்தில் அந்தத் தீவுகளில் மீன்பிடித்து வாழ்ந்த மக்கள் பெருந்தீவுக்குக் குடிபெயர்ந்தார்கள். ஆக, நாட்டின் குப்பைக்கு இடம் கொடுக்கக் கடலும் தேவைப்பட்டது. சிலரின் ஊரும் தேவைப்பட்டது.

இவ்வளவு பாடுபட்டு அமைத்த இடம் 2045ஆம் ஆண்டுவரை போதும் என்று முதலில் எதிர்பார்க்கப்பட்டது. குப்பை பெருகிக்கொண்டே போனதால் அந்தக் கணக்கு மாறியது. இதே நிலை நீடித்தால் செமக்காவ் 2035ஆம் ஆண்டிலேயே நிரம்பிவிடும் என்று இப்போது கூறப்படுகிறது. இன்று உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் மாணவர் ஒருவர், அப்போது வேலைக்குச் செல்லும் இளையராக இருப்பார். சிலர் சொந்த வீட்டுக்கு விண்ணப்பித்துக்கொண்டிருப்பார்கள். வீடு கட்டவும் பள்ளி கட்டவும் நிலம் போதாத நாட்டில், சாம்பலைக் கொட்ட மற்றொரு செமக்காவை எங்கே தேடுவது? இந்தச் சிக்கல் வருங்காலத் தலைமுறைக்கு என்று ஒதுக்கிவைக்கக் கூடியது அன்று. இன்றைய மாணவர்களே அந்தத் தலைமுறை.

இதற்குத் தீர்வாகப் பலரும் உடனே சுட்டிக்காட்டுவது மறுசுழற்சியைத்தான். தேசிய மறுசுழற்சித் திட்டம் 2001ஆம் ஆண்டு தொடங்கியது. இன்று வீடமைப்பு வளர்ச்சிக் கழகப் புளோக் ஒவ்வொன்றுக்கும் நீலநிற மறுசுழற்சித் தொட்டி இருக்கிறது. 2023ஆம் ஆண்டில், வீட்டில் பொருள்களைத் தனியே சேர்த்து வைக்க உதவும் ‘புளூபாக்ஸ்’ என்ற பெட்டியும் குடும்பங்களுக்கு இலவசமாக வழங்கப்பட்டது. ஆனாலும், 2018ஆம் ஆண்டில் 22 விழுக்காடாக இருந்த வீட்டுக் கழிவு மறுசுழற்சி விகிதம், 2022ஆம் ஆண்டில் 12 விழுக்காடாகச் சரிந்தது. பழைய தாளை வெளிநாடுகளுக்கு ஏற்றுமதி செய்வது குறைந்தது இதற்கு ஒரு காரணம். ஆனால், தொட்டிக்குள் எட்டிப் பார்த்தால் இன்னொரு காரணமும் தெரியும். நீலத் தொட்டிகளில் போடப்படுவனவற்றுள் ஏறக்குறைய 40 விழுக்காடு மறுசுழற்சிக்கு உதவாதவை.

சிங்கப்பூரில் தாள், நெகிழி, உலோகம், கண்ணாடி ஆகிய நான்கையும் ஒரே நீலத் தொட்டியில் போடலாம். பிரிக்கும் வேலை பிறகு நடைபெறும். இந்த எளிய முறையில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. பாதி குடித்த ஒரு மைலோ பொட்டலத்தை யாராவது அதில் எறிந்தால், அந்தப் பானம் வழிந்து கீழே இருக்கும் செய்தித்தாள்களையும் அட்டைப் பெட்டிகளையும் நனைத்துவிடுகிறது. பத்து வீட்டார் பொறுப்பாகச் சேர்த்து வைத்ததை ஒருவருடைய அரை நிமிடச் சோம்பல் கெடுத்துவிடுகிறது. அப்படிச் செய்தவர் யார் என்பது யாருக்கும் தெரியாது. அவருக்கே தாம் செய்தது தவறு என்று தெரியாமலும் இருக்கலாம். தொட்டிகள் போதிய அளவு இருக்கின்றன. அவற்றைச் சுற்றி ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளும் மனிதர்கள்தாம் போதவில்லை.

சமூகத் திட்டங்களின் தேவை இங்குதான் தொடங்குகிறது. சமூகத் தோட்டங்களை முதலில் எடுத்துக்கொள்ளலாம். தேசியப் பூங்காக் கழகம் 2005ஆம் ஆண்டு தொடங்கிய திட்டத்தின்கீழ், இன்று நாடு முழுவதும் 2,000க்கும் மேற்பட்ட சமூகத் தோட்டங்கள் இருக்கின்றன. அவற்றுள் பலவற்றில் வெண்டை, கத்தரி, பாண்டான், கறிவேப்பிலை முதலியவை வளர்வதோடு, மூலையில் மட்கு உரம் தயாரிக்கும் தொட்டியும் இருக்கிறது. ஒரு பங்கு காய்கறித் தோலுக்கு இரண்டு மூன்று பங்கு காய்ந்த இலைகளைக் கலந்து, இடையிடையே கிளறிவிட்டால், சில மாதங்களில் அது கறுத்த மண்போல உதிர்ந்துவிடும். ஈரம் மிகுந்தால் நாற்றம் எடுக்கும். அப்போது காய்ந்த இலையைக் கூட்ட வேண்டும். சமைத்த உணவு, இறைச்சி, எண்ணெய் ஆகியவற்றைச் சேர்த்தால் எலியும் பூச்சியும் வரும். இவை எல்லாம் எளிய செய்திகளே. ஆனால், இவற்றைப் படித்துத் தெரிந்துகொள்வதைவிட, தோட்டத்தில் நிற்கும் ஒரு பாட்டி கையில் அள்ளிக் காட்டும்போது மறக்காமல் மனத்தில் பதிகின்றன.

அந்தத் தோட்டத்துக்கு வாரம் ஒருமுறை காய்கறித் தோலைக் கொண்டு செல்லும் குடும்பத்தில் மெல்ல ஒரு மாற்றம் ஏற்படுகிறது. தோலைத் தனியே சேர்க்கும்போதுதான், சமைக்கப்படாமலே வாடிப்போன கீரைக்கட்டும் அழுகிய தக்காளியும் கண்ணில் படுகின்றன. ‘இவ்வளவையா வாங்கி வீணாக்குகிறோம்?’ என்ற கேள்வி அப்போதுதான் பிறக்கிறது. அடுத்த வாரம் சந்தைக்குச் செல்லும்போது வாங்கும் அளவு குறைகிறது. உரமாக மாறிய தோலைவிட, வாங்காமல் தவிர்த்த கீரைக்கட்டே பெரிய பயன். அதனை விளைவித்த நீரும், ஏற்றி வந்த வண்டியின் எரிபொருளும், கொடுத்த காசும் சேர்ந்தே மிஞ்சுகின்றன.

இரண்டாவது எடுத்துக்காட்டு, பழுதுபார்க்கும் கூட்டங்கள். நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகரில் 2009ஆம் ஆண்டு ‘பழுதுபார்க்கும் கஃபே’ என்ற முயற்சி தொடங்கப்பட்டது. அதைப் போன்ற எண்ணத்துடன் சிங்கப்பூரில் 2014ஆம் ஆண்டு ‘ரிப்பேர் கோப்பித்தியாம்’ தோன்றியது. குடியிருப்பாளர்கள் ஓடாத மின்விசிறி, சூடாகாத ரைஸ் குக்கர், தையல் விட்ட பை போன்றவற்றைக் கொண்டு வருகிறார்கள். அங்கிருக்கும் தொண்டூழியர்கள் பொருளை வாங்கிச் சரிசெய்து கொடுத்து அனுப்பிவிடுவதில்லை. உரிமையாளரையும் அருகில் அமர்த்தி, திருகாணியைக் கழற்றச் சொல்லி, எது கெட்டுப்போயிருக்கிறது என்று காட்டுகிறார்கள். சில வெள்ளி விலையுள்ள ஒரு சிறு பாகத்துக்காக ஒரு முழு மின்விசிறியையே எறிய இருந்தோம் என்பதை ஒருவர் தம் கையால் தொட்டு உணர்கிறார். ஓய்வுபெற்ற தொழில்நுட்பர் ஒருவருடைய அறிவு வீட்டுக்குள் முடங்கிவிடாமல், அடுத்த தலைமுறையின் கைக்கு வந்து சேர்கிறது.

உண்மையில், இத்தகைய பழக்கங்கள் சிங்கப்பூருக்குப் புதியவை அல்ல. பழைய செய்தித்தாளையும் துணிமணிகளையும் வாங்கிச் செல்ல ‘காராங் கூனி’க்காரர் ஒலியெழுப்பிக்கொண்டு வருவார். சாப்பாடு வாங்கக் கடைக்குச் செல்பவர்கள் அடுக்குச்சட்டியைக் கையோடு எடுத்துச் செல்வார்கள். தமிழர் வீடுகளில் அரிசி கழுவிய நீர் செடிக்குப் போகும். பாட்டியின் பழைய பருத்திச் சேலை பேரக்குழந்தைக்குத் தூளியாகும். அக்காலத்தில் யாரும் இதனை நீடித்த நிலைத்தன்மை என்று சொல்லவில்லை, சிக்கனம் என்றார்கள். வசதி பெருகியபோது அந்தச் சிக்கனம் தேவையற்றதாகத் தோன்றியது. இன்று அதே பழக்கங்களை, தேவை கருதி மட்டுமன்றிப் பொறுப்பு கருதியும் மீட்டெடுக்க வேண்டிய காலம் வந்திருக்கிறது.

சமூகத் திட்டங்களைக் குறித்துச் சில ஐயங்கள் எழுப்பப்படுகின்றன. அவற்றைப் புறக்கணிப்பது முறையன்று. ‘தொழிற்சாலைகளும் கட்டுமானத் தளங்களும் உண்டாக்கும் கழிவோடு ஒப்பிட்டால் வீட்டுக் குப்பை எம்மாத்திரம்?’ என்பது முதல் ஐயம். மொத்தக் கழிவில் தொழில்துறையின் பங்கு பெரிது என்பது உண்மைதான். ஆனால், தொழில்துறைக் கழிவில் பாதிக்கும் மேற்பட்டது மறுசுழற்சி செய்யப்படுகிறது. வீட்டுக் கழிவிலோ 2022ஆம் ஆண்டில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு மட்டுமே அவ்வாறு மீட்கப்பட்டது. எனவே, எரியாலைக்குச் செல்லும் குப்பையில் வீடுகளின் பங்கைச் சிறிதென்று தள்ளிவிட முடியாது.

‘குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கிறார்களே, பிறகு என்ன கவலை?’ என்பது இரண்டாவது ஐயம். எரியாலைகள் மின்சாரத்தை உற்பத்தி செய்வது உண்மையே. ஆனால், அது நாட்டின் தேவையில் மிகச் சிறிய பங்குதான். எரித்தால் கரியமில வாயு வெளியாகிறது, சாம்பலும் எஞ்சுகிறது. ஒரு நெகிழிப் பெட்டியை உருவாக்கச் செலவான ஆற்றலை அதனை எரித்து முழுவதும் திரும்பப் பெற முடியாது.

மூன்றாவது ஐயம் சற்று வலுவானது. ‘சட்டமும் கட்டணமும் இருந்தாலே மக்கள் மாறிவிடுவார்கள்; கூட்டம் கூடிப் பேச என்ன தேவை?’ என்று சிலர் கேட்கிறார்கள். 2023ஆம் ஆண்டு ஜூலை 3ஆம் தேதி முதல் பெரிய பேரங்காடிகளில் நெகிழிப் பை ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 5 காசு வசூலிக்கப்படுகிறது. அதன் பிறகு, சொந்தப் பை கொண்டு செல்வோர் பெருகினர். பானப் புட்டிகளுக்கும் தகரக் குவளைகளுக்கும் 10 காசு வைப்புத்தொகை பெற்று, காலியானவற்றைத் திருப்பிக் கொடுத்தால் அதனை மீண்டும் தரும் திட்டமும் 2026ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்திலிருந்து நடப்புக்கு வருமாறு வகுக்கப்பட்டது. இத்தகைய விதிகள் தேவை; அவை பயனும் தருகின்றன. ஆயினும், கட்டணம் கடையின் கல்லாவரைதான் வரும். சமையலறைக்குள் அதிகாரி ஒருவரை நிறுத்திவைக்க எந்த நாட்டாலும் முடியாது. பாதிச் சோற்றைக் கொட்டுவதா, நாளைக்கு எடுத்து வைப்பதா என்று வீட்டிலுள்ளவர்தாம் முடிவு செய்ய வேண்டும். அந்த முடிவைப் பழக்கமே தீர்மானிக்கிறது. பழக்கமோ மற்றவர்களைப் பார்த்து வருவது. பக்கத்து வீட்டார் புட்டியைக் கழுவிப் போடுவதை நாள்தோறும் பார்ப்பவர், ஒரு நாள் தாமும் கழுவிப் போடத் தொடங்குகிறார்.

அதே வேளையில், சமூகத் திட்டம் என்ற பெயரில் நடப்பவை எல்லாம் பயன் தருகின்றன என்று சொல்லிவிட முடியாது. ஆண்டுக்கு ஒருமுறை புளோக்கின் கீழ்த்தளத்தில் பந்தல் போட்டு, பலூன் கட்டி, வந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு துணிப்பையும் நெகிழிப் புட்டியில் தண்ணீரும் கொடுத்து அனுப்பும் நிகழ்ச்சியை எண்ணிப் பார்க்க வேண்டும். வீட்டில் ஏற்கெனவே பத்துத் துணிப்பைகள் இருக்கும்போது பதினோராவது பை சுற்றுச்சூழலுக்கு எந்த வகையில் உதவும்? அன்று மாலையில் அந்தப் பந்தலின் கீழ் சேரும் குப்பையே நிகழ்ச்சியின் நோக்கத்தைக் கேலி செய்துவிடும். எத்தனை பேர் வந்தார்கள் என்பதைக் கொண்டு ஒரு திட்டத்தின் வெற்றியை அளக்கக் கூடாது. அடுத்த மாதம் எத்தனை வீடுகளின் குப்பைப் பை சிறுத்தது என்பதே சரியான அளவுகோல்.

சிறந்த திட்டத்துக்குச் சில இயல்புகள் உண்டு. அது வீட்டுக்கு அருகில் நடக்க வேண்டும். உரத்தொட்டி மூன்று பேருந்து நிறுத்தங்களுக்கு அப்பால் இருந்தால், வேலை முடிந்து களைத்து வரும் தாயோ தந்தையோ அங்கே செல்ல மாட்டார்கள். அது மாதந்தோறும் ஒரே நாளில், ஒரே இடத்தில் நடக்க வேண்டும், அப்போதுதான் பழக்கமாகும். முதியவர், இல்லப் பணிப்பெண், மாணவர் என்று வீட்டில் உண்மையாகவே குப்பையைக் கையாளுபவர்களுக்கு அவரவர் மொழியில் விளக்க வேண்டும். சுமையை இரண்டு மூன்று தொண்டூழியர்களின் தோளில் மட்டும் ஏற்றிவைக்கக் கூடாது. அந்தச் சிலர் சோர்ந்துவிட்டால் திட்டமும் சோர்ந்துவிடும். ஊர் கூடி இழுத்தால்தான் தேர் நகரும் என்பது இதற்கும் பொருந்தும்.

இதில் மாணவர்களின் பங்கு சிறியதன்று. ஒரு வகுப்பில் உள்ள மாணவர்கள் ஒரே ஒரு வாரத்துக்குத் தத்தம் வீட்டுக் குப்பையை நாள்தோறும் எடை போட்டு எழுதிவரலாம். உணவுக் கழிவு எவ்வளவு, பொட்டலங்கள் எவ்வளவு, மறுசுழற்சி செய்யக்கூடியவை எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தாலே போதும். எந்த விளம்பரமும் சொல்லாத உண்மையை அந்த எண்கள் சொல்லிவிடும். பிறகு, ஒரு மாற்றத்தை மட்டும் தேர்ந்தெடுத்து ஒரு மாதம் செய்து, மீண்டும் எடை போடலாம். வீட்டுக் குப்பையை யார் கொட்டுகிறார்கள், யார் சமைக்கிறார்கள், யார் சந்தைக்குச் செல்கிறார்கள் என்பதை அறிந்தவர்கள் பிள்ளைகள்தாம். அவர்கள் குறை கூறாமல், உடன் நின்று வேலையைப் பகிர்ந்துகொண்டால் பெரியவர்களும் மாறுவார்கள். நீலத் தொட்டியில் எவற்றைப் போடலாம், எவற்றைப் போடக் கூடாது என்று அண்டைவீட்டுத் தாத்தாவுக்குத் தமிழிலோ மலாயிலோ சீனத்திலோ எடுத்துச் சொல்வதும் ஒரு சமூகத் தொண்டே.

சிங்கப்பூர் 2019ஆம் ஆண்டு வெளியிட்ட கழிவில்லாப் பெருந்திட்டத்தில், நபர் ஒருவருக்கு நாள்தோறும் செமக்காவுக்கு அனுப்பப்படும் கழிவின் அளவை 2030ஆம் ஆண்டுக்குள் 30 விழுக்காடு குறைக்க வேண்டும் என்ற இலக்கு வகுக்கப்பட்டிருக்கிறது. இலக்கை அரசாங்கம் வகுக்கலாம், எரியாலையையும் கட்டலாம். வாடிய கீரைக்கட்டையும் ஓடாத மின்விசிறியையும் பாதி குடித்த பானத்தையும் பற்றிய முடிவுகள் வீடுகளில்தான் எடுக்கப்படுகின்றன. அந்த முடிவுகளைத் தனியாக எடுப்பவர் எளிதில் சலித்துவிடுகிறார். அக்கம்பக்கத்தாரோடு சேர்ந்து எடுப்பவர் நிலைத்து நிற்கிறார்.

குப்பைக் குழாயின் மூடியைத் திறக்கும் கை ஒரு கணம் தயங்கி, ‘இதில் உண்மையிலேயே எறிய வேண்டியது எவ்வளவு?’ என்று எண்ணிப் பார்த்தால் அதுவே நல்ல தொடக்கம். அந்தத் தயக்கத்தை ஒவ்வொரு வீட்டிலும் உண்டாக்குவதே சமூகத் திட்டங்களின் பணி. கீழே ‘தொப்’பென்று கேட்கும் சத்தம் சற்று மெலிதானால், செமக்காவுக்குச் செல்லும் படகின் சுமையும் அந்த அளவுக்குக் குறையும்.